“என்ன பேசறதுன்னே தெரியல”

கல்வராயன் மலை ஏறுவதற்கு முன்னால் கச்சிராயபாளையத்தில் ஒரு டீ குடித்துவிடுவது என் வழக்கம். அன்று பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் ஜவ்வரிசி மில்லுக்குக் குச்சிக்கிழங்கு லோடு கொண்டு போகிற மினி லாரிக்காரர். உளவியல் ஆலோசனைக்குப் பயிற்சி கொடுக்கிறவன் நான் என்று தெரிந்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“சார், எங்க வீட்டம்மா கருணாபுரத்துல ஒரு வீட்டுக்கு அப்பப்போ போயிட்டு வருது. வந்து, ‘என்ன பேசறதுன்னே தெரியல’ங்குது. ஒங்க படிப்புல என்ன பேசச் சொல்லிக் குடுக்கறாங்க?”

கருணாபுரம் என்றால் இந்தப் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கருணாபுரம் உள்ளிட்ட கள்ளக்குறிச்சிப் பகுதிகளில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

“பேசச் சொல்லிக் குடுக்கறதவிட, வாயக் கட்டச் சொல்லிக் குடுக்கறதுதான் ஜாஸ்தி அண்ணே” என்றேன். அவர் சிரிக்கவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கார்ல் ரோஜர்ஸ் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர், 1902-இல் பிறந்தவர். அவர் காலத்தில் வைத்தியர்தான் எல்லாம் தெரிந்தவர். மனசுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்தான் எடுத்துச் சொல்லுவார். ரோஜர்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது வலிக்கிறவருக்குத்தான் தெரியும். அது வெளியே வருவதற்கு இடம் கொடுப்பதே மற்றவரின் வேலை என்றார். 1942-இல் வந்த புத்தகத்தில், ஒரே ஆளோடு நடந்த எட்டு சந்திப்புகளை ஒலிப்பதிவிலிருந்து வார்த்தை மாறாமல் அச்சிட்டார். மூடிய அறைக்குள் நடப்பதை யாரும் படித்துக் குறை சொல்லலாம் என்று ஆக்கிய அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

சிறுவயதில் வீட்டு நிலவறையில் கிடந்த உருளைக்கிழங்கு, எட்டாத ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து வெளுத்த முளை விட்டதை அவர் அடிக்கடி சொல்வார். நான் அதற்குப் பதில் நடுவதற்கு வெட்டி வைக்கும் குச்சிக்கிழங்குக் குச்சியைச் சொன்னேன். லாரிக்காரர் முந்திக்கொண்டார்: “வெட்டின குச்சியக் கட்டுக் கட்டி மரத்தடியில நிறுத்தி வெச்சு நட மறந்துட்டா, கணுவுல தானா துளிர்த்துடும் சார். நெழல்ல வந்த துளிரு சோகையா இருக்கும்.”

அதேதான். மனுஷனும் கெட்ட இடத்தில் கிடந்தாலும் வளரத்தான் பார்ப்பான். அந்தச் சோகைத் துளிரைப் பார்த்துக் குச்சியைத் திட்டுவதில்லை.

1957-இல் ரோஜர்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து மூன்று விஷயங்களை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதிருப்பது ஒன்று. எதிராளியின் இடத்திலிருந்து பார்ப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் கஷ்டம்: நிபந்தனை இல்லாத மதிப்பு.

கருணாபுரத்தில் அதன் கஷ்டம் தெரியும். குடும்பத்துக்கு 10 லட்சம் நிவாரணம் என்று அரசு அறிவித்ததும், குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்று ஊரெல்லாம் பேசியது. துக்கம் கேட்கப் போகிறவர் வாயில் வராவிட்டாலும் முகத்தில் அது இருக்கும். புருஷனைப் பறிகொடுத்த பெண் அந்த முகத்தைப் படித்துவிடுவாள். படித்ததும் புருஷனைத் தானே நாலு வார்த்தை திட்டிவிட்டு, அழவேண்டியதை விழுங்கிவிடுவாள். குடியைச் சரி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் அழுவதற்கு அவன் யோக்கியனாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்காமல் இருந்தால் போதும்.

ரோஜர்ஸோடு வேலை பார்த்த யூஜின் ஜெண்ட்லின் இன்னொன்றைக் கவனித்தார். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டபோது, தேறிவந்தவர்கள் சரளமாகப் பேசவில்லை. நடுவில் தடுமாறினார்கள், “அப்படியில்ல… இது வேற…” என்று உடம்புக்குள் எதையோ தடவித் தேடினார்கள். சரியான சொல் கிடைத்ததும் மூச்சு இறங்கியது. இப்படித் தேடுவதைச் சொல்லிக் கொடுக்க 1978-இல் ஒரு புத்தகமே எழுதினார். தமிழனுக்கு இதில் பாதி வேலை மிச்சம். நெஞ்சு அடைக்குது, வயித்தப் பிசையுது, மனசு கனக்குது என்று உடம்பை வைத்துத்தானே நாம் பேசுகிறோம்? ‘கனக்குதா, அடைக்குதா?’ என்று நின்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

“அப்ப இது போதுமா சார்?”

போதாது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் கடுமையான மனச்சிதைவு உள்ளவர்களிடம் ரோஜர்ஸ் குழு முயன்றபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. குடியை நிறுத்தியதும் கை நடுங்கி, இல்லாத உருவம் தெரிகிறவரை உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். அவரைச் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் 14416-க்குப் போன் போடலாம். அரசின் இலவச மனநல எண். ஆனால் கேட்பது படித்த டாக்டரின் தனிச்சொத்து இல்லை. லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையமான சினேகாவில் இன்றும் போன் எடுப்பவர்கள் சாதாரணத் தன்னார்வலர்கள்தான். புத்தி சொல்லாமல் கேட்கப் பழகியவர்கள்.

அவர் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன வாரம் அந்தப் பொண்ணு, ‘வீடு ரொம்பப் பெருசா இருக்குக்கா’ன்னுச்சாம். எங்க வீட்டம்மா, ‘பெருசா இருந்தா நல்லதுதானடி’ன்னுட்டு வந்திருக்குது. அது ஒத்த ரூமு வீடு சார்.”

“அப்ப அது என்ன சொல்லியிருக்கும்?”

“காலியா இருக்குன்னு…” நிறுத்தினார். தலையை ஆட்டினார். “காலி இல்ல. ரெண்டு புள்ளைங்க இருக்குதே. அது…” கை தானாக நெஞ்சுக்குப் போனது. “ராத்திரி கதவு தட்டற சத்தம் இல்ல சார். குடிச்சிட்டு வந்து தட்டுவான்ல, அது.”

டீ ஆடை கட்டியிருந்தது. அவர் அதைக் குடிக்காமல் காசை வைத்துவிட்டு, மனைவிக்குப் போன் போட்டபடியே வண்டிப் பக்கம் நடந்தார்.