சொல்லின் வாலில் ஓர் உகரம்

வயல்களில் குறுவைக்குக் களையெடுப்பு நடந்துகொண்டிருந்த ஆடி மாதத்து மாலையொன்றில், குத்தாலத்தில் நமது இல்லத்துத் திண்ணையில் செவிலியர் படிப்பு முடித்த பெண்ணொருத்தி வந்து அமர்ந்தாள். நடவு, களை என்று வயலில் கூலிக்குச் சென்று மகளைப் படிக்க வைத்தவர் அவள் தாயார். "சாமி, இனிமேல் எந்த இண்டர்வியூவுக்கும் நான் போகமாட்டேன்" என்றாள். ஏனென்று வினவினோம். தலைநகரில் ஒரு மருத்துவமனையில் தேர்வாளர்கள் அவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டு நகைத்தார்களாம்.

நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னோம். முன்பு ஓரிடத்தில் எட்டு மாதம் பணியாற்றி, முறைப்படி விலகியவள் அவள். அதைக் கூறுகையில் 'வொர்க்ட்' என்று முடிய வேண்டிய சொல் 'வொர்க்' என்று நின்றுவிட்டது. "அப்படியானால் இன்னும் அங்கேயே இருக்கிறாயா? விடுவிப்புக் கடிதம் என்று எதைக் காட்டுகிறாய்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இவள் திகைத்துப்போனாள். அடுத்து 'எய்ட்டு மன்த்ஸு' என்றதும் மற்றொருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு மட்டுமே அவள் மனத்தில் தங்கியது. ஆனால் வேலையைக் கெடுத்தது அவர் நகைத்த உகரமன்று. முதற்சொல்லில் விழுங்கப்பட்ட டகரமே.

அந்த உகரம் எங்கிருந்து வந்தது என்பதை வாசக அன்பர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பவணந்தி முனிவர் நன்னூலில் தமிழ்ச்சொல்லின் ஈற்றில் வரத்தக்க எழுத்துகள் 24 என வகுத்தார்: உயிர் பன்னிரண்டு, மெய் பதினொன்று, குற்றியலுகரம் ஒன்று. அந்தப் பதினொரு மெய்களுள் வல்லின மெய் ஒன்றுகூட இல்லை. க், ச், ட், த், ப், ற் என்பவற்றில் எந்தத் தமிழ்ச்சொல்லும் முடிவதில்லை. முடிய நேர்ந்தால் அரை மாத்திரை அளவுள்ள உகரம் வந்து தாங்கிக்கொள்ளும். நாக்கு, பாட்டு, காற்று என்பவை அவ்வாறு நிற்பவையே. ஆகவே 'பேங்க்' நம் நாவில் 'பேங்கு' ஆவதும், 'டெஸ்ட்' 'டெஸ்ட்டு' ஆவதும் அறியாமையல்ல. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட விதி. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த மேசை, சாவி, ஏன், நம்மைக் குறிக்கும் பாதிரி என்னும் சொல்லும்கூட இந்தத் தொல்லையைத் தரவில்லை. அவை அவர்கள் மொழியிலேயே உயிரில் முடிந்தவை.

தமிழனின் நா மெய்க்கூட்டத்துக்கு அஞ்சுவது என்றும் எண்ணிவிடக் கூடாது. 'வாழ்ந்தான்' என்பதில் ழ், ந், த் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. சிறு பிள்ளையும் தடுமாறுவதில்லை. பின்னால் ஓர் உயிர் காத்திருப்பதே காரணம். இரு மெய்கள் ஈற்றில் நிற்பதைக்கூட நம் இலக்கணம் அறியும். செய்யுளில் 'போலும்' என்பது 'போன்ம்' எனக் குறுகும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் 'டெக்ஸ்ட்ஸ்' போல நான்கு மெய்களை உயிரில்லாமல் நிறுத்துவது நமக்குப் புதிது.

நமக்கு மட்டுமா? ஜப்பானியர் 'டெஸ்க்' என்பதைத் 'தெஸுக்கு' என்பர். ஆங்கிலேயர் 'ஃபில்ம்' என்பதை அயர்லாந்தில் பலரும் நம்மைப் போலவே 'ஃபிலிம்' என்பர். ஆங்கிலேயரே 'நெக்ஸ்ட் டே' என்பதை விரைவில் 'நெக்ஸ் டே' என்றும், 'ஆஸ்க்ட்' என்பதை 'ஆஸ்ட்' என்றும் சுருக்குவதுண்டு. ஆறாவது என்பதற்குரிய 'சிக்ஸ்த்' அவர்களுடைய பழைய மொழியில் தகர ஒலியின்றி 'சிக்ஸ்ட்' போன்றே இருந்தது. நான்காவது என்னும் சொல்லைப் பார்த்துப் பிற்காலத்தில் மாறியது. நம் தரங்கம்பாடியை, 1620இல் அங்கே குடியேறிய டேனியர் 'டிராங்கிபார்' ஆக்கினார்கள். அதற்காக எவரும் அவர்களுக்கு வேலை மறுத்ததாகத் தெரியவில்லை!

எனவே அப்பெண்ணிடம் நாம் சொன்னது இதுதான்: கூட்டினால் குற்றம் சிறிது, கழித்தால் பெரிது. 'மன்த்ஸு' என்றால் கேட்பவர் புன்னகைக்கலாம். ஆனால் பன்மை என்று புரிந்துகொள்வார். 'மன்த்' என்று நிறுத்தினால் பன்மை போயிற்று. 'வொர்க்ட்' என்பதில் கடைசி ஒலி போனால் இறந்தகாலமே போய்விடும். எழுத்தைப் பார்த்து 'வொர்க்கெட்' என்று படிக்கும் பிள்ளைகள்கூட அவளைவிடப் பிழைத்துக்கொள்வார்கள். ட், ட ஒலிகளில் முடியும் 'வான்ட்', 'நீட்' போன்றவற்றுக்கு மட்டுமே அங்கே தனி அசை உண்டு என்பதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

உகரத்தையும் நீக்கவேண்டுமென்று அவள் விரும்பினாள். அதற்கும் வழி நம் புணர்ச்சி விதியிலேயே இருக்கிறது. உயிர் வந்தால் குற்றியலுகரம் தான் ஏறிய மெய்யை விட்டு ஓடிவிடும்; காற்று, அடித்தது என்பவை சேர்ந்து காற்றடித்தது ஆகும். அதுபோல 'வொர்க்ட்' என்பதைத் தனியே சொல்லி நிறுத்தாமல், உயிரில் தொடங்கும் அடுத்த சொல்லோடு இணைத்து 'வொர்க் டின்' என்று சொல்லிப் பார்க்கச் சொன்னோம். பிறந்தது முதல் செய்துவருவதை வேற்றுமொழியில் செய்வதுதானே? மூன்றாம் முறையிலேயே டகரம் தெளிவாக விழுந்தது. "இவ்வளவுதானா சாமி?" என்றாள். 'லெஃப்ட் இட்' என்பதையும் 'லெஃப் டிட்' என்று தானே பிரித்துக் காட்டினாள். குருமடத்தில் நமக்கு இலக்கணம் கற்பித்தோர் இதைச் சொல்லித் தரவில்லையே என்று சற்றே பொறாமைப்பட்டோம்.

பத்து நாள் சென்று அவள் தாயார் வந்தார். "சாமி, இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று? அடுப்படியில் நின்றுகொண்டு 'டின் டின்' என்று மணியடிக்கிறதே!" என்று முறையிட்டார். புரட்டாசியில் அப்பெண் மற்றொரு நேர்முகத் தேர்வுக்கு ரயிலேறினாள். விடைபெற வந்தபோது, 'சிக்ஸ்த்' என்பதன் பன்மையை ஒரே மூச்சில் சொல்லும்படி நம்மைக் கேட்டாள். நாம் இரண்டு முறை முயன்றோம். இரண்டு முறையும் இறுதியில் உகரம் வந்து நின்றது.