ரிஜிஸ்டர் எழுதிய கைக்கு எஸ்.க்யூ.எல். எட்டாததல்ல

பவானிபூரிலும் லேக் மார்க்கெட் பக்கமும் குடியிருந்து தினம் ஆபீஸ் போய்வரும் நம்மவர்களுக்கு இன்று கம்ப்யூட்டர் புதிதல்ல. காலை முதல் மாலை வரை பில், ரசீது, ஆஜர்ப் பட்டியல் என்று அதற்குள் விவரங்களைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் போட்டதிலிருந்து ஒரு பதில் வேண்டுமென்றால்? 'மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் பார்ட்டிகள் யார் யார்?' என்று மேலதிகாரி கேட்டால், கம்ப்யூட்டர் பிரிவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். போட்டவர் குமாஸ்தா, எடுப்பவர் வேறொருவர். சம்பளத்திலும் அந்த வித்தியாசம் தெரிகிறது.

அப்படி எடுப்பதற்கான மொழிக்கு எஸ்.க்யூ.எல். என்று பெயர். காலேஜ் படிப்பு இல்லாதவர்களும் புத்தகத்தை வைத்துக்கொண்டு கற்கக்கூடிய வித்தை இது. சொல்லப்போனால், ரிஜிஸ்டர் எழுதிப் பழகியவருக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்.

1970-ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த எட்கர் காட் என்ற ஆங்கிலேயர் ஒரு கட்டுரை வெளியிட்டார். எவ்வளவு பெரிய விவரக் குவியலையும் வரிசையும் பத்தியும் கொண்ட அட்டவணைகளாக வைத்துக்கொள்ளலாம். யந்திரத்துக்குள் எது எங்கே கிடக்கிறது என்ற கவலை கேட்பவருக்கு வேண்டியதில்லை என்பது அதன் சாரம். நம் பேரேடும் அதுதானே! 1974-ல் அதே கம்பெனியின் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அந்த அட்டவணைகளிடம் சாதாரண ஆங்கிலச் சொற்களால் கேள்வி கேட்க 'சீக்வெல்' என்ற மொழியை அமைத்தார்கள். வேறொரு கம்பெனி அந்தப் பெயரைப் பதிவு செய்திருந்ததால் அது எஸ்.க்யூ.எல். என்று சுருங்கிற்று. பாவம், பாய்ஸ் அதே ஆண்டில் இளம் வயதிலேயே காலமானார். 1986-ல் இந்த மொழி அமெரிக்காவில் தரநிர்ணயம் பெற்றது. அன்றைய அடிப்படைக் கட்டளைகள் இன்றும் அப்படியே செல்லுபடியாகின்றன.

கல்கத்தாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு பழையது. பாராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1955-லேயே இங்கிலாந்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 1960-களில் இதே ஊரில், ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் இலாகோ ஹவுஸ் கட்டிடத்துக்குள் கம்ப்யூட்டர் நுழையக்கூடாது என்று ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்ததும் உண்டு. அவர்கள் பயந்ததை ஏளனம் செய்வதற்கில்லை. கையால் எழுதிக் கூட்டும் வேலை பிற்பாடு எங்கும் குறைந்துதான் போயிற்று. மிஞ்சியிருப்பது, எழுதியதிலிருந்து விடை எடுக்கும் வேலை.

எந்தப் புத்தகம்?

ஆங்கிலத்தில் பேர்போன பாடப்புத்தகம் சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவரும் எழுதியது. அந்தச் சுதர்சன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானவர். கனமான புத்தகம், கேள்வி மொழி பற்றிய அத்தியாயங்களை மட்டும் முதலில் படித்தால் போதும். ஆங்கிலம் மிரட்டுகிறது என்பவர்களுக்கு து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' இருக்கிறது. 'கணியம்' குழுவினர் அதை இலவச மின்னூலாகவே தருகிறார்கள். தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போவது நல்லது. கட்டளைகள் எப்படியும் ஆங்கிலத்தில்தான். ஆனால் அடிக்கடி வருபவை இருபது முப்பது சொற்களுக்கு மேல் இல்லை.

பழைய புத்தகம் வாங்க காலேஜ் ஸ்ட்ரீட் இருக்கிறது. நேதாஜி பவன் ஸ்டேஷனில் ஏறினால் மகாத்மா காந்தி ரோடில் இறங்கி நடக்கலாம். 1984 அக்டோபர் 24 அன்று நாட்டின் முதல் மெட்ரோ எஸ்பிளனேடிலிருந்து ஓடிவந்து நின்ற பவானிபூர் ஸ்டேஷன்தான் இன்றைய நேதாஜி பவன். பழைய பதிப்பு என்று தயங்க வேண்டாம். கம்ப்யூட்டரில் அமைக்கும் முறையைச் சொல்லும் அத்தியாயம் மட்டும்தான் உதவாது. மைஎஸ்க்யூஎல் சாப்ட்வேருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

தமிழ் வரிசையே கைகொடுக்கும்

வெறுமனே வாசித்தால் இந்த வித்தை வராது. ஒரு மெஸ் கணக்கை எடுத்துக்கொள்வோம். 'மெம்பர்' என்று ஓர் அட்டவணை. அதில் எண், பெயர், அறை, பாக்கி என்று நாலு பத்தி. ஐந்நூறு ரூபாய்க்கு மேல் பாக்கிதாரர்கள் யார் என்று கேட்க வேண்டும்:

செலக்ட் பெயர், பாக்கி ஃப்ரம் மெம்பர் வேர் பாக்கி > 500

ஆங்கிலத்தில் 'எடு' என்ற சொல் முதலில் நிற்கிறது. நாமோ 'மெம்பர் அட்டவணையிலிருந்து, பாக்கி 500-க்கு மேல் உள்ள வரிகளைப் பார்த்து, பெயரையும் பாக்கியையும் எடு' என்போம். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டளைக்குப் பொருள் கொள்ளும் முறையும் நம் வரிசைதான். முதலில் ஃப்ரம், அடுத்து வேர், கடைசியில்தான் செலக்ட். ஆகவே கேள்வியை முதலில் தமிழில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, பிறகு கட்டளையாக மாற்றிப் பழகினால் குழப்பம் பாதி தீர்ந்தது. 'அறைவாரியாக மொத்தப் பாக்கி' என்றால் 'குரூப் பை'. மாதக் கடைசியில் நாம் தயாரிக்கும் அப்ஸ்ட்ராக்ட் வேறென்ன?

பலரும் தடுமாறும் இடம் 'நல்'. எழுதாமல் விட்ட கட்டத்துக்கு அந்தப் பெயர். அது பூஜ்யம் அல்ல. பாக்கி பூஜ்யம் என்றால் கட்டிவிட்டார். நல் என்றால் கட்டினாரோ இல்லையோ, பதிவு இல்லை. பத்து மெம்பர்களில் இரண்டு பேருக்கு நல் இருந்து சராசரி கேட்டால், யந்திரம் பத்தால் வகுக்காது, எட்டால் வகுக்கும். 'பாக்கி = நல்' என்று கேட்டால் ஒரு வரிகூட வராது; 'பாக்கி இஸ் நல்' என்றுதான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, ஆபத்தானது. 'டெலிட்' கட்டளையில் 'வேர்' எழுத மறந்தால் அட்டவணையில் உள்ள அத்தனை வரியும் போய்விடும். யந்திரம் ஏன் என்று கேட்காது. அதே 'வேர்' பகுதியை முதலில் 'செலக்ட்' கட்டளையில் போட்டு, எத்தனை வரி வருகிறது என்று பார்த்த பிறகே அழிக்கத் துணிய வேண்டும். ஆபீஸ் கணக்கில் கற்றுக்கொள்ளாதீர்கள். மெஸ் கணக்கின் நகலில் கற்றுக்கொள்ளுங்கள்.

இனிஷியல் தொல்லை

நம்மவர்களுக்கே உரிய ஒரு விஷயத்தில் இந்த மொழி மிகவும் பயன்படும். வங்காளிகளுக்குப் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் நிரம்பிவிடும். நமக்கோ இனிஷியல். ஒரே ஆள் ஒரு தாளில் எஸ். முருகன், இன்னொன்றில் முருகன் எஸ்., மூன்றாவதில் முருகன் சுப்பையா. மனிதக் கண்ணுக்கு ஒருவர். யந்திரத்துக்கு மூன்று பேர். பிராவிடண்ட் பண்டு கணக்கில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் பெயர் இருந்து, பணம் கேட்ட மனு நின்றுபோனவர்களைக் கேட்டால் இதன் கஷ்டம் தெரியும்.

இரண்டு அட்டவணைகளைச் சேர்த்துப் பார்ப்பதற்கு 'ஜாயின்' என்று பெயர். பெயரை வைத்துச் சேர்க்காதே, ஆளுக்கு ஒரு எண் கொடுத்து அதை வைத்துச் சேர் என்று புத்தகங்கள் வற்புறுத்துவது இதனால்தான். ஓர் ஆபீசில் சம்பளப் பட்டியல் ஓர் அட்டவணை, பண்டு பட்டியல் இன்னொன்று, இரண்டிலும் ஊழியர் எண் இருக்கிறது என்று வையுங்கள். எண்ணால் சேர்த்து, பெயர் ஒத்துப்போகாத வரிகளை மட்டும் காட்டு என்று கேட்கலாம். 'லெஃப்ட் ஜாயின்' போட்டு, சம்பளப் பட்டியலில் இருந்தும் பண்டுப் பட்டியலில் இல்லாதவர் யார் என்றும் கேட்கலாம். நானூறு பேர் பட்டியலைக் கையால் ஒப்பிட இரண்டு மூன்று நாளாவது ஆகும். யந்திரத்துக்கு ஒரு நொடி. வரும் பட்டியலில் ஏழெட்டுப் பேர் இருந்தாலும், அவர்கள் ரிட்டயர் ஆகி ஊருக்கு மூட்டை கட்டுவதற்கு முன்பே திருத்த மனு போட்டுவிடலாம்.