லொறிக் கதவிலுள்ள இலக்கமும் திறக்காத எல்லையும்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலுள்ள லரேடோ நகரையும் மெக்ஸிக்கோவின் நுவேவோ லரேடோ நகரையும் ரியோ கிராண்டே நதி பிரிக்கின்றது. அந்நதியின் மீது 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட உலக வர்த்தகப் பாலத்தினூடாக நாளாந்தம் ஆயிரக்கணக்கான பார ஊர்திகள் கடந்து செல்கின்றன. அவற்றின் கதவுகளில் ஒரு நிறுவனத்தின் பெயரும் ஓர் இலக்கமும் எழுதப்பட்டிருக்கும். மெக்ஸிக்கோ நிறுவனத்தின் ஊர்தியாயின் அந்த இலக்கத்தின் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கும். அந்த ஊர்தி அமெரிக்க மண்ணில் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை அந்த ஓர் எழுத்தே தீர்மானிக்கின்றது.

எமது நாட்டிலும் லொறிகளின் பக்கங்களில் உரிமையாளரின் பெயரும் விலாசமும் எழுதப்பட்டிருப்பதை நாம் அன்றாடம் காண்கின்றோம். ஆனால், அதனை ஊன்றி வாசிப்போர் மிகச் சிலரே. அமெரிக்காவில் இவ்விடயம் ஒரு முழுமையான நிர்வாக ஒழுங்காக வளர்க்கப்பட்டுள்ளது. மாநில எல்லைகளைக் கடந்து வர்த்தக நோக்கில் ஓடுகின்ற, 10,001 இறாத்தல் (சுமார் 4,500 கிலோ கிராம்) அல்லது அதற்கு மேற்பட்ட மொத்த நிறை கொண்ட ஊர்திகளை நடத்தும் நிறுவனங்கள் மத்திய அரசின் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்து ஓர் இலக்கத்தைப் பெற்றுக் கொள்ள வேண்டும். இந்த இலக்கம் வாகனத்துக்கு உரியதல்ல, நிறுவனத்துக்கு உரியது. ஒரு நிறுவனத்துக்கு நூறு லொறிகள் இருந்தாலும் இலக்கம் ஒன்றே. வாகனத்தின் பதிவுத் தகடு வேறு விடயம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவு விபரங்கள் புதுப்பிக்கப்பட வேண்டும்.

குறியிடல் விதி எளிமையானது. நிறுவனத்தின் சட்டபூர்வமான பெயர் அல்லது வர்த்தகப் பெயர் ஒன்றும் அதன் இலக்கமும் ஊர்தியின் இரு பக்கங்களிலும் இருக்க வேண்டும். எழுத்துக்களின் நிறம் பின்னணி நிறத்திலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும். வாகனம் நிற்கும் வேளையில், பகல் வெளிச்சத்தில், 50 அடி தூரத்திலிருந்து அவற்றை வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். எழுத்தின் உயரம் இத்தனை அங்குலம் என்று இந்த விதி கூறவில்லை. வாசிக்க முடிகின்றதா, இல்லையா என்பதே கேள்வி. ஊர்தியில் வேறொரு நிறுவனத்தின் பெயரும் காணப்படுமாயின், உண்மையில் அதனை நடத்துபவர் யார் என்பது 'நடத்துபவர்' என்ற குறிப்புடன் தனியாக எழுதப்பட வேண்டும். வாடகைக்கு எடுத்தவர் உரிமையாளரையும் உரிமையாளர் வாடகைக்கு எடுத்தவரையும் கைகாட்டித் தப்பிக்கும் வழக்கத்துக்கு இது போடப்பட்ட முடிச்சு.

வீதியோரத்தில் ஊர்தியை நிறுத்தும் பரிசோதகர் இந்த இலக்கத்தைக் கணினியில் பதிந்ததும் நிறுவனத்தின் முன்னைய பரிசோதனைகள், மீறல்கள், விபத்துக்கள், காப்புறுதி நிலை ஆகியன அவர் முன் வந்து விடுகின்றன. இவ்விபரங்களில் பெரும் பகுதியைப் பொதுமக்களும் இணையத்தில் பார்வையிடலாம். சாதாரண சரக்கை ஏற்றும் வாடகை லொறி நிறுவனமொன்று குறைந்தது 750,000 டொலர் பொறுப்புக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்பதும் இங்கு கவனிக்கத்தக்கது. விபத்தில் ஒருவரை இழந்த குடும்பம் யாரிடம் நியாயம் கேட்பது என்ற கேள்விக்கு அந்தக் கதவிலுள்ள எழுத்துக்களே முதற் பதிலாகும்.

இனி அந்த எழுத்துக்கு வருவோம். மெக்ஸிக்கோ நிறுவனத்தின் இலக்கம் 'இஸட்' என்ற எழுத்தில் முடிந்தால், அதன் ஊர்திகள் எல்லையை ஒட்டிய வர்த்தக வலயத்துக்குள் மட்டுமே ஓடலாம். பெரும்பாலான இடங்களில் இவ்வலயம் சுமார் 25 மைல்களுக்கு அப்பால் செல்வதில்லை. 'எக்ஸ்' என்று முடிந்தால் அவ்வலயத்தைத் தாண்டி நாட்டின் உட்பகுதிக்குச் செல்லலாம். இரண்டுக்கும் விண்ணப்பப் படிவங்கள் வேறு, நிபந்தனைகளும் வேறு. 'எக்ஸ்' பெற்றவருக்குங்கூட ஓர் அமெரிக்க நகரில் சரக்கை ஏற்றி மற்றோர் அமெரிக்க நகரில் இறக்க அனுமதி இல்லை. எல்லையைத் தாண்டிய சரக்கைக் கொண்டு வரலாம், கொண்டு செல்லலாம். அவ்வளவே.

நடைமுறையில் பாலத்தைக் கடப்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை 'இஸட்' ஊர்திகளே. மொன்டெரேயிலிருந்து புறப்படும் சரக்கு நுவேவோ லரேடோ வரை ஒரு நீண்டதூர லொறியில் வருகின்றது. அங்கே பெட்டி கழற்றப்பட்டு, பாலத்தைக் கடப்பதற்கென்றே இருக்கும் மற்றொரு லொறியில் பூட்டப்படுகின்றது. அது சுங்க வரிசையில் மணிக்கணக்கில் காத்து நின்று, மறுகரையில் சில மைல்கள் ஓடி, ஒரு தரிப்பிடத்தில் பெட்டியை விட்டுச் செல்கின்றது. பின்னர் அமெரிக்க லொறியொன்று வந்து அதனை இழுத்துச் செல்கின்றது. ஒரே சரக்குக்கு மூன்று லொறிகள், மூன்று சாரதிகள். யுத்த காலத்தில் வடக்கு நோக்கிய பொருட்கள் ஒரு லொறியிலிருந்து இறக்கப்பட்டு மற்றொரு லொறியில் ஏற்றப்பட்டதைக் கண்ட எமது வாசகர்களுக்கு, இந்த ஏற்பாட்டின் செலவு யார் தலையில் விழும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இவ்வாறு இருக்க வேண்டுமென எந்த ஒப்பந்தமும் கூறவில்லை. 1982ஆம் ஆண்டு அமெரிக்கா வெளிநாட்டு ஊர்தி நிறுவனங்களுக்குப் புதிய அனுமதி வழங்குவதை இடைநிறுத்தியது. கனடாவுக்கு அத்தடை விரைவில் நீக்கப்பட்டது. மெக்ஸிக்கோவுக்கு நீடித்தது. 1994இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின்படி, 1995 டிசெம்பர் 18 முதல் மெக்ஸிக்கோ ஊர்திகள் நான்கு எல்லை மாநிலங்களிலும், 2000 ஜனவரி முதல் நாடு முழுவதும் செல்ல அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பாதுகாப்புக் காரணங்களைக் காட்டி, கிளின்டன் நிர்வாகம் குறித்த நாளிலேயே கதவை மூடியது. 2001 பெப்ரவரியில் உடன்படிக்கையின் நடுவர் குழு, அமெரிக்கா தனது கடப்பாட்டை மீறியதாக ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு நிபந்தனைகளை விதிக்கும் உரிமை அமெரிக்காவுக்கு உண்டு என்பதை அக்குழு ஏற்றுக் கொண்டது. எந்த விண்ணப்பத்தையும் பரிசீலிக்காமல் ஒட்டுமொத்தமாக மறுப்பதையே அது நிராகரித்தது.

இந்த வேறுபாடே முழு விவகாரத்தின் சாரம் என்பது எமது கருத்தாகும். அமெரிக்க லொறிச் சாரதிகளின் தொழிற்சங்கமான டீம்ஸ்டர்ஸ் உள்ளிட்ட எதிர்ப்பாளர்களின் அச்சத்தை வெறும் சுயநலம் என ஒதுக்கிவிட முடியாது. பழுதடைந்த தடுப்புக் கட்டைகளுடன் நாற்பது தொன் ஊர்தி ஒன்று நெடுஞ்சாலையில் ஓடுவதை எவரும் விரும்பமாட்டார். எனினும் ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருமென முன்கூட்டியே முடிவு செய்து கொள்வதும் ஆபத்தானதே. 2008 ஓகஸ்டில் டெக்ஸாஸின் ஷேர்மன் நகரில் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற பஸ் ஒன்று பாலத்திலிருந்து வீழ்ந்து 17 பேர் உயிரிழந்தனர். அதனை நடத்தியவர் மெக்ஸிக்கோவிலிருந்து வந்தவரல்லர். ஹூஸ்டனைத் தளமாகக் கொண்ட நிறுவனம் அது. சில வாரங்களுக்கு முன்னர் சேவையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு நிறுவனமே வேறு பெயரில், புதிய இலக்கத்துக்கு விண்ணப்பித்துக் கொண்டு ஓடியமை பின்னர் தெரியவந்தது. நிறம் மாறும் பச்சோந்தியின் பெயரால் இத்தகைய நிறுவனங்களை அந்நாட்டினர் அழைக்கின்றனர். கதவிலுள்ள பெயர் பொய்யாகும்போது குறியிடல் விதியால் பயனேதும் இல்லை. அதனைக் காக்க வேண்டியது பதிவு அலுவலகமே.

தீர்ப்பின் பின்னரும் காரியம் நகரவில்லை. 2001 இறுதியில் காங்கிரஸ் பல நிபந்தனைகளைச் சேர்த்தது. 2004 ஜூனில் உயர் நீதிமன்றம் சுற்றுச்சூழல் காரணமாக எழுந்த தடையை ஏகமனதாக நீக்கியது. 2007 செப்டெம்பரில் தொடங்கிய பரீட்சார்த்தத் திட்டத்துக்கு 2009 மார்ச்சில் காங்கிரஸ் நிதியை நிறுத்தியது. மெக்ஸிக்கோ பதிலடியாக ஆண்டுக்கு சுமார் 240 கோடி டொலர் பெறுமதியான அமெரிக்கப் பொருட்கள் மீது மேலதிகத் தீர்வை விதித்தது. லொறியோடு எவ்வித தொடர்புமற்ற அமெரிக்க விவசாயிகள் இதற்கு விலை கொடுத்தனர். 2011 ஜூலையில் இரு நாடுகளும் இணங்கிய பின்னரே அத்தீர்வைகள் படிப்படியாக நீக்கப்பட்டன.

2011 ஒக்டோபரில் ஆரம்பமான இரண்டாவது பரீட்சார்த்தம் மூன்று ஆண்டுகள் நீடித்தது. ஊர்திகளில் பொருத்தப்பட்ட மின்னணுக் கண்காணிப்புக் கருவிகளின் செலவையும் அமெரிக்க அரசே ஏற்றது. இருந்தும் பங்குபற்றிய நிறுவனங்கள் இருபதுக்கும் குறைவு. 2015 ஜனவரி முதல் எந்த மெக்ஸிக்கோ நிறுவனமும் விண்ணப்பிக்கலாம் என அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் போராடித் திறந்த கதவினூடாக ஏன் கூட்டம் முண்டியடிக்கவில்லை? நிபந்தனைகளைப் பார்த்தால் விடை ஓரளவு புரியும். அனுமதிக்கு முன் பாதுகாப்புத் தணிக்கை, பின்னர் 18 மாதக் கண்காணிப்புக் காலம், ஊர்திகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை முத்திரை ஆகியன தேவை. உள்நாட்டுச் சரக்கை ஏற்ற முடியாததால் திரும்பும் வழியில் வெற்றுப் பெட்டியை இழுக்க நேரிடும். 'இஸட்' நிறுவனத்துக்கோ ஒரு நாளுக்கான பயணக் காப்புறுதியே போதுமானது.

2020 ஜூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய முத்தரப்பு உடன்படிக்கை கதவை மீண்டும் ஓரளவு சாத்தியுள்ளது. ஏற்கனவே பெற்ற அனுமதிகள் செல்லும். ஆனால், தனது நிறுவனங்களுக்குப் பாதிப்பு ஏற்படுமெனக் கண்டால் நீண்டதூர அனுமதிகளை மட்டுப்படுத்தும் உரிமையை அமெரிக்கா வைத்துக் கொண்டுள்ளது. 2025 ஜூன் 25 முதல் ஆங்கிலம் பேசவும் வீதிக் குறிகளை வாசிக்கவும் இயலாத வர்த்தகச் சாரதிகளை அவ்விடத்திலேயே சேவையிலிருந்து நிறுத்தும் நடைமுறையும் மீள வந்துள்ளது. விதி பழையது. தண்டனையே மீண்டும் வந்துள்ளது. எல்லை வர்த்தக வலயத்துக்குள் ஓடும் சாரதிகள் விடயத்தில் மீறலைப் பதிவு செய்வதோடு நிறுத்திக் கொள்ளுமாறு பரிசோதகர்களுக்கு அறிவுறுத்தப்பட்டமை குறிப்பிடத்தக்கது. அந்தச் சாரதிகளும் நின்றுவிட்டால் பாலமே நின்றுவிடும் என்பதை வொஷிங்டன் அறிந்தே வைத்திருக்கின்றது.