சமுதாய வானொலியும் கூட்டுறவாளர் கடமையும்

நெய்வேலியில் 1962ஆம் ஆண்டில் முதன்முதலாக மின்சாரம் தந்த இயந்திரத்தின் ஆற்றல் 50 மெகாவாட். ஒரு சமுதாய வானொலி நிலையத்திற்கு அரசாங்க விதிகள் பொதுவாக அனுமதிக்கும் ஒலிபரப்பு ஆற்றலோ 100 வாட். முன்னதில் இஃது ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சுற்றளவுக்கே இதன் குரல் எட்டும். இத்துணைச் சிறு கருவியால் விளையும் பயன் யாது? நமது கடலூர் மாவட்டமே இதற்கு விடை கூறுகிறது.

2015ஆம் ஆண்டின் பெருமழையில் இம்மாவட்டம் பட்ட பாட்டை எவரும் மறந்திரார். அவ்வாண்டு டிசம்பரில், பேரிடர்க் கால உதவிக்கென்றே 107.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தற்காலிகமாக ஒரு சமுதாய வானொலி கடலூரில் நிறுவப்பெற்றது. மின்கம்பங்கள் சாய்ந்த ஊரிலும், பாட்டரியால் இயங்கும் சிறு பெட்டி பேசும் அன்றோ!

ஆயினும், அவ்வானொலி வந்தது வெள்ளத்திற்குப் பின்னரே. குழித்தறியில் நீர் ஊறுமுன் பாவைக் கழற்றிக் காக்க நெசவாளருக்குச் சில மணி நேரம் வேண்டும். எந்த ஏரி நிரம்பியது, எந்த வாய்க்கால் உடையும் நிலையில் உள்ளது என்பதைக் குறிஞ்சிப்பாடிக்கும் பண்ணுருட்டிக்கும் தனித்தனியே உரைப்பது தொலைவிலுள்ள பெரிய நிலையத்திற்கு எளிதன்று. அருகிலுள்ள சிறிய நிலையத்திற்கோ அதுவே தொழில்.

வானொலி உழவருக்குப் புதிதன்று. திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பால் பரவிய ஏ.டி.டி. 27 என்னும் நெல், ‘வானொலி நெல்’ என்றே பெயர் பெற்றது. அன்று நிலையம் பேசிற்று, உழவர் கேட்டனர். இன்று உழவரே பேசவும் வழி பிறந்துள்ளது. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. கல்வி நிலையங்களுக்கு மட்டும் இருந்த சமுதாய வானொலி உரிமை, 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூரிலேயே உருவாக வேண்டும் என்பதும் விதி. தெலுங்கு நாட்டின் மாச்சனூரில் தலித் உழவர் மகளிர் 2008 முதலும், பாம்பனில் மீனவர் 2016 முதலும் தம் குரலைத் தாமே ஒலிபரப்பத் தொடங்கினர்.

பலர் சிறு பங்கிட்டுப் பெரும்பயன் காண்பதே கூட்டுறவு. நூல் விலை, பலாச் சந்தை, மழை எச்சரிக்கை ஆகியவற்றை நாள்தோறும் கூறிப் பழகிய குரலையே ஆபத்து நாளில் மக்கள் நம்புவர். வெள்ளம் வருமுன் அணை கோலுவது அறிவுடைமை. இது குறித்து நம் சங்கங்கள், மாவட்டத்துக் கல்வி நிலையங்களோடும் தொண்டு நிறுவனங்களோடும் கலந்து, அடுத்த மழைக்காலத்திற்கு முன்னரே ஆலோசித்தல் நலம்.