மங்கிப்போன சிவப்புத் தரைக்கு மறுபடியும் மெருகு

"டைல்ஸ் போட்டுடலாமுங்க. இந்தத் தரையோட இனிமேல் என்னால மல்லுக்கட்ட முடியாது!"

என் வீட்டுக்காரரிடம் நான் இப்படிச் சொல்லாத வாரமே கிடையாது. ராசிபுரத்தில் என் மாமனார் 1966-ல் கட்டிய வீடு எங்களுடையது. கூடம், சமையலறை, இரண்டு அறைகள் எல்லாமே சிவப்பு சிமெண்ட் தரை. நான் கல்யாணமாகி வந்தபோதே அது களையிழந்துதான் இருந்தது. நடக்கிற வழியெல்லாம் நிறம் மங்கி, ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. சமையலறை வாசலில் கையகலத்துக்குப் பெயர்ந்து வேறு கிடந்தது.

பாப்பாவுக்கு ஒன்பதாவது மாதம் பிறந்து தவழ ஆரம்பித்ததும் என் கவலை இரட்டிப்பாகிவிட்டது. நாலு தப்படி தவழ்வதற்குள் உள்ளங்கை கறுத்துப் போகும். அந்தக் கை நேரே வாய்க்குத்தான் போகும். தாய்மார்களுக்குத் தெரியாததா?

என் அத்தைக்கோ (மாமியாரைத்தான் சொல்கிறேன்) தரையை உடைக்கும் பேச்சே பிடிக்காது. "அம்மிணி, இந்தத் தரை போட்டப்ப நானும் உன்னாட்டம் கைப்பிள்ளைக்காரி. சங்ககிரியிலிருந்து மாட்டு வண்டியில சிமெண்ட்டு வந்துச்சு. ராத்திரி விளக்கு வெச்சு நாலு பேரு குந்திக்கிட்டுத் தேய்ச்சாங்க. அதைப் போய் ஒடைக்கலாம்ங்கறியே!" என்பார். சங்ககிரியில் 1963-ல்தான் சிமெண்ட் ஆலை வந்தது. அப்போது சிவப்புத் தரை போட்ட வீடு என்றால் ஊரில் ஒரு தனி மதிப்பாம்.

நான் செய்த தப்பு

ஒரு நாள் சைக்கிளில் பினாயில் விற்க வந்தவரிடம் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கினேன். பாட்டிலில் சீட்டு, பெயர் எதுவும் கிடையாது. "ஊத்தித் தேய்ங்கக்கா, கண்ணாடியாட்டம் ஆயிரும்" என்றார் அவர். சமையலறை மூலையில் ஊற்றினேன். நுரைத்துக்கொண்டு பொங்கியது. வெள்ளைத் திட்டு போயிற்று. கூடவே சிவப்பும் போயிற்று! நெடி தாங்கவில்லை. நெடி போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அதன் மேலேயே ஊற்றிவிட்டேன்.

அடுத்த நிமிஷம் கண்ணைத் திறக்க முடியவில்லை. தொண்டை அடைத்து இருமல். பாப்பா அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தைதான் அவளை வாரிக்கொண்டு வெளி வாசலுக்கு ஓடினார். நானும் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். டாக்டர் பாப்பாவைச் சோதித்துவிட்டுப் பயமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

டாக்டரம்மா விளக்கினார்: ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும், நுரையீரலையே பாதிக்கும், குழந்தைகளுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் ஆபத்து அதிகம். நான் செய்த தப்பை நீங்கள் யாரும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சகோதரிகள் நினைவில் வைக்க வேண்டியவை:

* ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நெடி ஏறினால் துடைக்க நிற்காமல், எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள்.
* கண்ணில் தெறித்தால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.
* குழந்தை தெரியாமல் ஆசிட்டைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.
* கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஆசிட்டோ பினாயிலோ ஊற்றி வைக்கவே வேண்டாம்.

தரைக்கு என்னதான் வியாதி?

பெயர்ந்த இடத்தைப் பூச ஒரு வயதான கொத்தனாரை அழைத்து வந்தோம். அவர் விரலால் தரையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "தரைக்கு ஒண்ணும் ஆகலீங்கம்மா. மேல அழுக்கும் பழைய மெழுகும் அப்பிக் கெடக்குது. அவ்வளவுதான்" என்றார்.

சிவப்புத் தரையில் அடியில் இருப்பது சாதாரணக் கலவை. அதன் மேல் சிமெண்ட்டும் ரெட் ஆக்சைடு என்ற இரும்புத் துருப்பொடியும் கலந்த மெல்லிய பூச்சு. நிறம் இந்த மேல் பூச்சில் மட்டும்தான். ஆகவே மிஷின் வைத்து அழுத்தித் தேய்த்தால் சாம்பல் நிறம் வெளியே வந்துவிடும்.

வெள்ளைத் திட்டுக்குக் காரணம் நம் ஊர் போர் தண்ணீர். நம் பக்கத்துக் கிணறுகளிலும் போரிலும் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். அதில் துடைத்துவிட்டு அப்படியே காயவிட்டால் சுண்ணாம்பு படிந்துவிடும். அதைக் கரைக்கும் ஆசிட் தரையில் உள்ள சிமெண்ட்டையும் சேர்த்துக் கரைத்துவிடும். புளி, எலுமிச்சை, வினிகர் இவையும் புளிப்புப் பொருள்கள்தான். வேகம் குறைவு, அவ்வளவே.

முதலில் மூன்று சோதனை

ஒன்று: ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. உறிஞ்சிக் கறுத்தால் மெருகு போய்விட்டது.

இரண்டு: நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். "டொக் டொக்" என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் பூச்சு விட்டுப்போயிருக்கிறது.

மூன்று: ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விட்டுவையுங்கள். காலையில் அடிப்பக்கம் ஈரம் கோத்திருந்தால் தரைக்கடியில் கசிவு இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் மெருகு போட்டுப் பயனில்லை.

தேய்க்கும் முறை

நாங்கள் ஒரு நாளைக்கு ஓர் அறை என்று வைத்துக்கொண்டோம். பாப்பா அன்றைக்குப் பக்கத்து வீட்டில் என் நாத்தனாரிடம்!

அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேஜைக்கரண்டி சலவைச் சோடா (ஆப்பச் சோடா அல்ல) கரைத்துக்கொள்ளுங்கள். கையுறை அவசியம். ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட்டுத் தேங்காய் நாரால் தேயுங்கள். பழைய மெழுகும் எண்ணெயும் கறுப்பாகக் கரைந்து வரும். துணியால் ஒற்றி எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடையுங்கள். எங்கள் கூடத்தில் பாதிக்கு மேல் இதிலேயே நிறம் திரும்பிவிட்டது!

திட்டு மிச்சமிருக்கும் இடத்துக்கு ஹார்டுவேர் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேளுங்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் அது. 320 நம்பரில் ஆரம்பித்து 400-ல் முடிக்கலாம். மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, ஈரத்தோடு லேசாக வட்டமாகத் தேயுங்கள். உலர்வாகத் தேய்த்தால் சிமெண்ட் தூசி மூச்சில் போகும்.

கொத்தனார் சொன்ன ஒரு குறிப்பு தங்கமானது. முதலில் தண்ணீர் வெளுப்பாகவோ கறுப்பாகவோ வரும். அது சிவப்பாக மாறியதும் கையை எடுத்துவிட வேண்டும். அழுக்கு போயிற்று, இனி தேய்வது தரை என்று அர்த்தம்!

பெயர்ந்த இடம்

இது கொத்தனார் வேலைதான். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். பொள்ளலான பகுதியை நேர்கோடாக வெட்டி எடுத்து, தூசி தட்டி நனைத்து, சிமெண்ட் பால் தடவ வேண்டும். அதன் மேல் கலவை. அது இறுகுவதற்குள் நிறப் பூச்சு. சிமெண்ட்டையும் நிறப் பொடியையும் உலர்வாகவே நன்றாகக் கலந்து சலித்துக்கொள்ள வேண்டும். சிமெண்ட் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பொடி சேர்த்தால் பூச்சு பலவீனமாகிவிடும்.

ஈரத்தில் நிறம் கறுப்பாகத் தெரியும். அதனால் முதலில் ஓர் ஓட்டுத் துண்டில் பூசிக் காயவைத்து நிறம் ஒத்துப்போகிறதா பாருங்கள். பூசிய பின் ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு வைக்க வேண்டும். அவசரப்பட்டால் வெடித்துவிடும். எங்கள் வீட்டில் ஒட்டுப்போட்ட இடம் இன்னும் கொஞ்சம் தனியாகத்தான் தெரிகிறது. பரவாயில்லை, பாப்பாவின் காலைக் கிழிக்கவில்லை!

எண்ணெயா, மெழுகா?

இங்கேதான் எனக்கும் அத்தைக்கும் ஒரு சின்ன விவாதம். "தேங்கெண்ணெய் தொட்டுத் தேய்ச்சா போதும் கண்ணு, அந்தக் காலத்துல அதுதான்" என்றார். ஒரு மூலையில் அவர் சொன்னபடியும், இன்னொரு மூலையில் சிவப்பு மெழுகு பாலிஷும் போட்டுப் பார்த்தோம். எண்ணெய் பூசிய மூலை அன்றைக்குப் பளபளத்தது. நாலாம் நாள் தூசி ஒட்டிப் பிசுபிசுத்தது. தேங்காயெண்ணெய் காய்ந்து இறுகுவதில்லை, அதுதான் காரணம். அத்தையே, "சரி, உன் மெழுகே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மெழுகு அதிகம் போனால் வழுக்கும். விரல் நுனியளவு எடுத்துத் துணியில் தேய்த்து மெல்லியதாகத் தடவுங்கள். அரை மணி கழித்துப் பழைய வேட்டித் துணியால் கை நோகத் தேயுங்கள். அழுத்தமாக ஒரு முறை தடவுவதைவிட மெல்லியதாக இரண்டு முறை தடவுவது நல்லது. நெடி அடங்கும்வரை ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். குழந்தையைத் தவழ விடாதீர்கள். குளியலறை, படிக்கட்டு, தண்ணீர் புழங்கும் முற்றம், இந்த மூன்று இடத்திலும் மெழுகு கூடவே கூடாது. வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் தரையின் பளபளப்பு எதற்கு?

மரப்படியும் மச்சுப் பலகையும்

மலைப்பிரதேச பங்களாக்கள் போல முழுக்க மரத்தரை நம் சமவெளியில் அபூர்வம்தான். ஆனால் மச்சுப் பலகையும் மரப்படியும் எத்தனையோ பழைய வீடுகளில் உண்டு. மரத்துக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. வாளியோடு ஊற்றாமல் பிழிந்த துணியால் துடையுங்கள். 80, 120, 180 நம்பர் உப்புத்தாள்களால் வரிசையாக, மர ரேகை போகும் வாட்டத்திலேயே தேயுங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். தூசியைத் துடைத்துவிட்டு லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) மெல்லியதாகத் தடவி, உபரியைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் காயவிடுங்கள்.

இதில் இரண்டு ஜாக்கிரதை. லின்சீட் ஆயில் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்! தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துப் போடுங்கள். அடுத்தது, பழைய பெயிண்ட் அடித்த மரம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட்டை உலர்வாகச் சுரண்டினால் ஈயத் தூசி பறக்கலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கே அது கேடு. கைக்குழந்தை உள்ள வீட்டில் அதைத் தொடாமல் விடுவதே புத்திசாலித்தனம்.

இனி தினமும்...

வாரம் முழுக்க உலர்ந்த துணியால் தூசி தட்டுகிறோம். துடைக்கும் நாளில் காவேரித் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் அரை வாளி. பின்னாலேயே ஓர் உலர்ந்த துணி. ஈரத்தை அப்படியே காயவிடுவதில்லை. வெள்ளைத் திட்டு வரவே இல்லை!

தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் கண்ணாடி போன்ற கறுப்புத் தரையைப் பார்த்திருப்பீர்கள். நூற்றாண்டுகள் தாண்டியும் மின்னுகிறது. சிக்கன வீடுகளுக்குப் பேர் போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் (1917–2007) கேரளத்தில் தாம் கட்டிய வீடுகளில் சிவப்பு சிமெண்ட் தரைதான் போட்டார். நாமோ இருப்பதை உடைக்கத் துடிக்கிறோம்!

டைல்ஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. கசிவு ஏறி, தரை முழுக்கப் பொள்ளலாகிவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் உடைக்கும் முன் ஒரே ஒரு மூலையைச் சலவைச் சோடாவால் கழுவிப் பாருங்கள். எங்களுக்கு ஆன மொத்தச் செலவு ஒரு பட்டுச் சேலை விலைகூட இல்லை.

இப்போது சித்திரை வெயிலில் மத்தியானம் அத்தை பாயைக்கூட விரிப்பதில்லை. வெறும் தரையில் கால் நீட்டிப் படுத்துக்கொள்கிறார். பாப்பா அவரைச் சுற்றிச் சுற்றித் தவழ்கிறாள். சாயங்காலம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறேன், சுத்தமாக இருக்கிறது.

நீங்களும் ஒரு மூலையில் செய்துதான் பாருங்களேன்!