நீக்கப்பட்ட ஏடுகள்
விவிலியம் அடிமைத்தனத்தை ஏற்கிறதா, மறுக்கிறதா? இவ்வினாவுக்கு ஒரு பழம்பதிப்பே தக்க விடை பகரும் என்பது என் கருத்து. 1807-ஆம் ஆண்டில் இலண்டனில், மேற்கிந்தியத் தீவுகளில் பிரிட்டானியர் ஆட்சியின்கீழ் உழன்ற ஆப்பிரிக்க அடிமைகளுக்கென விவிலியப் பகுதிகள் தொகுத்து அச்சிடப்பட்டன. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை அதில் உண்டு. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த மக்களை மோசே மீட்ட வரலாறு இல்லை. வேலைக்காரர் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பவுலின் அறிவுரை உண்டு. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேற்றுமையில்லை என்று அவரே கலாத்தியருக்கு எழுதியது இல்லை.

இரு குரல்களும் விவிலியத்தில் உள்ளவையே. அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும், மாணவ நேயர்களே, தொகுத்தோர் எப்பகுதிகளை அடிமைகளின் கண்களினின்றும் மறைத்தனர் என்று எண்ணிப் பாருங்கள். விடுதலையின் வித்து அந்த ஏடுகளில்தான் இருந்தது.