'சும்மா' கிடைத்த நாய்க்குட்டி

"எவ்வளவு குடுத்துல வாங்கின?" என்று கேட்டால், "சும்மாதாம்ல கிடைச்சுது" என்று நம்மில் பாதிப் பேர் சொல்வோம். மாட்டு டாக்டரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அந்தச் 'சும்மா'வைத்தான் அவர் முதலில் அடித்துத் திருத்துவார்.

ஒரு சின்னக் கணக்கு. சோறு, முட்டை, கோழிக்கால் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 40 ரூபாய் என்று வைப்போம். வருஷத்துக்கு 14,600. நாய் 12 வருஷம் இருந்தால் 1,75,200 ரூபாய்! வீட்டில் மிஞ்சியதைப் போட்டால் இதில் பாதிகூடக் குறையலாம், சரி. ஆனால் வைத்தியச் செலவை மிச்சச் சோற்றால் சமாளிக்க முடியாதே!

'பார்வோ' என்று ஒரு வைரஸ் நோய். 1978-ல்தான் உலகம் முழுக்கப் பரவியது. குட்டி முதலில் சாப்பிடாது, பிறகு வாந்தி, பிறகு ரத்தமாகப் பேதி. மாத்திரை ஒன்றைப் போட்டதும் நிற்காது. வற்றிப்போன நீரை டிரிப்ஸில் ஏற்றி, வாந்திக்கு ஊசி போட்டு, குட்டியின் உடம்பே போராடி மீளும் வரை நாலைந்து நாள் பார்க்க வேண்டும். தினமும் ஆட்டோ சத்தம் வேறு.

"சார், ஒரு ஊசியில சரியாயிரும்லா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். டாக்டர் செலவைச் சொல்வார். அப்பா சட்டைப் பையைத் தடவுவார். துண்டில் சுற்றிய குட்டியோடு பையன் டாக்டர் முகத்தையே பார்ப்பான். மருந்தும் இருக்கு, குட்டிக்கு உயிரும் இருக்கு, பணம்தான் இல்லை! நமக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, மாட்டுக்குக்கூட இன்சூரன்ஸ் உண்டு. தெருவில் தூக்கி வந்த குட்டிக்கு யார் இருக்கா?

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு மூணு நாலு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள், மூணு மாசத்தில் வெறிநோய் ஊசி, அப்புறம் வருஷா வருஷம். குட்டி வயசில் இத்தனையும் போடுகிற செலவு அந்த டிரிப்ஸ் செலவை விடக் குறைவுதான்.

நம்ம ஊர் சாரல் நமக்குக் கொண்டாட்டம். நாய்க்கு அப்படி இல்லை. தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்தால் எலிக்காய்ச்சல் வரும். அது நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். இதற்கும் சேர்த்துத் தடுப்பூசி உண்டு, கேட்டுப் போடணும். உண்ணி கடித்து வரும் காய்ச்சல் தனி.

எந்த ஜாதி நாய் என்பதிலும் பணம் இருக்கு. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் வந்ததும் ஊரெல்லாம் பக் வாங்கினார்கள். அதுக்கு மூக்கே சப்பை! வெயிலில் மூச்சு விடத் திணறும், முகத்து மடிப்பில் புண் வரும். பக்கத்து ராஜபாளையம் நாயும் சிப்பிப்பாறையும் நம்ம வெயிலில் பிறந்து வளர்ந்தவை. ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால் தலையே போட்டார்கள், ஆனாலும் நமக்குப் பக்தான் பெருசு!

அரசு கால்நடை மருந்தகத்தில் செலவு குறைவு. பெரிய ஆபரேஷன் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. தென்காசியிலிருந்து வேன் வாடகையை மறக்காதீர்கள்.

பெட்டை நாய் என்றால் கருத்தடை ஆபரேஷனையும் கணக்கில் சேர்க்கணும். "அதுக்கு எதுக்குத் துட்டு?" என்று விட்டால், வருஷத்துக்கு இரண்டு முறைகூடக் குட்டி போடும். அத்தனையையும் சாக்கில் போட்டு ஐந்தருவி ரோட்டில் விட்டு வர முடியாது. பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

குட்டி வந்த அன்றே ஒரு மண் உண்டியல் வாங்குங்கள். நாளுக்கு 5 ரூபாய் போட்டால் வருஷத்தில் 1,825 ரூபாய் சேரும். வருஷ ஊசிக்கும் பூச்சி மருந்துக்கும் எடுத்தது போக மிச்சத்தை அப்படியே விட்டு வையுங்கள். அப்பாவுக்கும் உண்டியல் இருக்கும் இடம் தெரியட்டும், ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோ பிடிக்க அவர்தான் போகணும்.